ஐபியில் ஈஎஸ்எஸ் எடுக்கலாமா?

வேளச்சேரியில் சிபிஎஸ்இ படித்த மகளை இங்கே நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம், ஈஎஸ்எஸ் என்று ஒரு சுற்றுச்சூழல் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள், அது நம்ம ஊர் ஈவிஎஸ் மாதிரி ஒப்புக்குச் சப்பாணிப் பாடமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை சார். ஆனால் நீட் எழுதி இந்தியாவில் எம்பிபிஎஸ் என்ற எண்ணம் துளி இருந்தாலும் இயற்பியல், வேதியியலோடு உயிரியலை எடுக்க வையுங்கள், அதற்கு பதில் ஈஎஸ்எஸ் செல்லாது.

அந்த எண்ணம் இல்லையென்றால் தாராளமாக எடுக்கலாம். அறிவியல், சமூகவியல் இரண்டு பிரிவுக்கும் இந்த ஒரே பாடத்தைக் கணக்குக் காட்டலாம். முன்பு எஸ்எல் என்ற சாதாரண நிலை மட்டும்தான், 2024 முதல் எச்எல் என்ற உயர்நிலையும் உண்டு, அதில் சட்டம், பொருளாதாரம், அறநெறி மூன்றும் கூடுதலாக வரும்.

நம்ம பிள்ளைகள் திணறுவது மனப்பாடம் செய்வதால்தான். 'மாசுபாட்டுக்கு ஐந்து காரணங்கள்' என்று எழுதினால் மார்க் தேறாது. பள்ளிக்கரணைச் சதுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பக்கம்தானே. எந்தெந்த ஏரி உபரி நீர் அங்கே வருகிறது, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற தண்ணீர் எங்கே முட்டி நிற்கிறது என்று அம்புக்குறி போட்டு வரையத் தெரிய வேண்டும். அப்புறம், 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பை அங்கே கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர், பெருங்குடி குப்பை மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர், பறவை பார்க்க வருகிறவர் எப்படி எப்படிப் பார்ப்பார்கள், யார் சொல்வதில் எவ்வளவு நியாயம் என்று வாதாட வேண்டும். 2015 வெள்ளத்தையும் 2019-இல் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு அலைந்ததையும் ஒரே ஊரில் பார்த்த பிள்ளைக்கு இது வரும்.

ஐஏ என்ற தனி ஆய்வு ஒன்று உண்டு, 3000 சொல்லுக்குள். லீவுக்கு ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், கோடையில் சதுப்பே பாதி காய்ந்து கிடக்கும். இங்கேயே டொம்மல் ஆறு ஓடுகிறது. அதைப் பராமரிக்கும் தண்ணீர் வாரியத்தின் வரி பில் சீக்கிரம் உங்கள் வீட்டுக்கும் வரும், திட்டிக்கொண்டேதான் கட்டுவீர்கள் (நானும் அப்படித்தான்). அதை மகளிடம் கொடுங்கள். அந்த வாரியத்துக்குத் தேர்தல் உண்டு, குடியுரிமை இல்லாத நாமும் ஓட்டுப் போடலாம், நம்ம சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோவாட்டரோடு ஒப்பிட்டு எழுத நிறைய இருக்கிறது.

ட்யூஷன் இப்போதைக்கு வேண்டாம். பழைய வினாத்தாள் வாங்கினால் மட்டும் பார்த்து வாங்குங்கள், 2026-க்கு முந்தையதெல்லாம் பழைய பாடத்திட்டம்.