மூடியோடு புட்டியின் உடலையும் கவனியுங்கள்

வணக்கம். சாட்ஸ்வர்த்தில் முடக்குவாதத்தால் அவதிப்படும் தங்கள் தாயாருக்காக மருந்துப் புட்டி ஒன்றை வடிவமைப்பதாகவும், மூடியின் ஓரத்தில் ஆழமான வரிகள் வெட்டியும் அவரால் திறக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வரிகள் வழுக்கலை மட்டுமே தடுக்கும். குழந்தைகள் திறக்காதிருக்கச் செய்த மூடியில் உண்மையான இடர், அழுத்துவதையும் திருப்புவதையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருப்பதுதான். கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியவருக்கு அந்த வலி உயிரை எடுத்துவிடும்.

முதலில் விட்டத்தைக் கூட்டுங்கள். 28 மில்லிமீட்டர் மூடியை 38 மில்லிமீட்டராக்கினால், விரல்கள் அதே அளவு இறுக்கிப் பிடித்தாலும் திருகுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அழுத்தும் வேலையையும் விரல்நுனிகளிடமிருந்து உள்ளங்கை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் புட்டியின் உடல். பீனிக்ஸில் இருக்கும் என் அத்தை உருண்டைப் புட்டியைத் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொண்டுதான் திருப்புவார். ஒருமுறை மூடி திடீரெனக் கழன்று, இரத்த அழுத்த மாத்திரைகள் அடுப்படி முழுதும் சிதறின. சதுர உடலாக இருந்திருந்தால் இடக்கைக்குள் சுழலாமல் நின்றிருக்கும்.

குழந்தைப் பாதுகாப்பைக் கைவிட வேண்டாம். குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத புட்டிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8317, 42 முதல் 51 மாதக் குழந்தைகளிடமும் 50 முதல் 70 வயதுப் பெரியவர்களிடமும் புட்டியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. 76 வயதான தங்கள் தாயார் அந்த வரம்புக்கே வெளியே நிற்கிறார். ஆகவே, மாதிரியை அவர் கையிலேயே, விரல்கள் விறைத்திருக்கும் காலை வேளையில், கொடுத்துப் பாருங்கள்.