கேள்வி – பதில்: கோடியக்கரைக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. கொரோனா வந்துபோன பிறகு கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கோடியக்கரை சரணாலயத்தில் பூநாரை பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. வேனில் குடும்பத்தோடு போகலாமா? மறுபடி தொற்றிவிடுமோ?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். முதலில் நுரையீரல் டாக்டரிடம் காட்டி, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டிலும் சதுப்பிலும் தொற்றுக்கு வழி மிகக் குறைவு. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வேனில்தான் அதிகம். ஒருவர் விட்ட மூச்சில் வந்த நுண்துளிகள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் எதிர் மூலையில் ஒன்று என இரண்டு கண்ணாடிகளைப் பாதி இறக்கினால் காற்று குறுக்காக ஓடும். ஏசி கட்டாயம் என்றால், உள்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 72 வயதுக்காரருக்காக இதைச் செய்யத்தான் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையும் புயலும் வரும் காலம். தை, மாசி நல்லது. ஒரு சங்கடம்: தையில் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் தூசும், ரோட்டில் காயும் நெல்லின் சுணையும் அப்பாவுக்கு இருமலைக் கிளப்பும். அந்த இடங்களில் மட்டும் கண்ணாடியை ஏற்றி, தாண்டியதும் இறக்குங்கள்.

கோடியக்கரை, வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தான். காலை 7 மணிவாக்கில் போய்ச் சேர்ந்தால் வெளிமான்கள் புல்வெளியில் மேயும். வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கிவிடும். பூநாரை ஆழமில்லாத உப்புநீரில் நின்று இரை தேடும் பறவை. மழைநீர் நிறைந்து சதுப்பு ஆழமானால் இடம் மாறிவிடும். எங்கே நிற்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முந்தின நாளே வனத்துறையிடம் கேளுங்கள். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது வயதானவர் கையில் ஆடும். கிட்டே போய்ப் பறக்கவிடாதீர்கள், இரை தேடும் நேரம் வீணாகும்.

கேள்வி: விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒருமுறை 97 காட்டுகிறது, அடுத்த நிமிடமே 91. எதை நம்புவது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு வையுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மருதாணியும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். அவை இல்லாத விரல் வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் ஆடாமல் வைத்து, எண் நிலையாகும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் அளவையும் நம்பாதீர்கள். இத்தனைக்கும் பிறகு 94-க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் எண் 97 ஆனாலும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகும்போது மாஸ்க் வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: திறந்த படகில் அவசியமில்லை, படகுத்துறைக்குப் போகும் நெரிசலான பஸ்ஸில் வேண்டும். என்95 மாஸ்க் போட்டால் மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். கண்பக்கம் காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. அதைத் துவைக்கவே கூடாது, வடிகட்டும் மின்னூட்டம் போய்விடும். படகில் நனைந்தால் மூச்சு இழுக்கக் கடினமாகும், ஆகவே இன்னொன்று காகிதப் பையில் இருக்கட்டும்.