1662-ல் வரும் ஆளுநர் ஜான் விந்த்ராப் யார்?

1649-ல் இறந்த ஆளுநர் ஜான் விந்த்ராப், அமெரிக்காவின் கனெக்டிகட் காலனிக்கு இங்கிலாந்து மன்னர் தந்த 1662-ஆம் ஆண்டு சாசனத்தில் எப்படி வருகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அது அவர் இல்லை, அவருடைய மூத்த மகன். அப்பா 1630-ல் கப்பலேறி வந்து மாசசூசெட்ஸ் காலனியை ஆண்டவர். மகன் கனெக்டிகட் ஆளுநர். இங்கிலாந்து போய் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் அந்தச் சாசனத்தைப் பெற்றவரே அவர்தான். 1676-ல் பாஸ்டனில் இறந்தார்.

அப்புறம், இவருடைய மகனும் ஜான்! நல்லவேளை, அவரை ஃபிட்ஸ்-ஜான் என்றே குறிப்பிடுவார்கள். அவரும் கனெக்டிகட் ஆளுநர்தான், 1698 முதல் 1707-ல் இறக்கும்வரை. ஹார்வர்டில் வானியல் ஆய்வு செய்த ஜான் (1714–1779) வேறு கிளை. முதல் ஜானின் இன்னொரு மகன் ஆடம் வழி வந்தவர்.

இந்தக் குடும்பத்தில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆண்டையும் காலனியையும் சேர்த்துப் பார்த்து, உங்கள் குறிப்புகள் ஒவ்வொன்றையும் உரிய ஜானின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.