காட்டுப் பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் வண்டி

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் வட கரோலினாவில் வேலை பார்க்கிறேன். பழைய யமஹா ஒய்இசட்250 டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜிஎன்சிசி என்ற காட்டுப் பந்தயத் தொடரில் அமெச்சூர் பிரிவில் ஓட்ட ஆசை. முதலில் எக்ஸாஸ்டை மாற்றிப் பவரைக் கூட்டலாமா?

பதில்: பவரைத் தொடாதீர்கள் தம்பி. இருப்பதே காட்டுக்கு அதிகம். 2016 மாடலில் யமஹாவே ஒய்இசட்250எக்ஸ் என்று இதே வண்டியைக் காட்டுப் பந்தயத்துக்கு இறக்கியபோது என்ஜின் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், கியர் விகிதங்களை விரித்தார்கள், சஸ்பென்ஷனை மென்மையாக்கினார்கள். உங்களுக்கும் அதுதான் வழி.

முதல் பணம் சஸ்பென்ஷனுக்குப் போகட்டும். மோட்டோகிராஸ் வண்டி மண்மேடுகளில் தாவி ஓடுவது; உயரத்தில் இருந்து விழுவதைத் தாங்க வேண்டும் என்று இறுக்கமாக அமைத்தது. ஈரமான வேரில் ஏறும்போது அந்த இறுக்கம் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அமெச்சூர் பந்தயமே சுமார் 2 மணி நேரம். பாதியிலேயே முன்கை கல்லாகிவிடும், பிரேக் லீவரை இழுக்க விரல் வராது.

செலவில்லாத வேலையை இன்றே செய்துவிடலாம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டு வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து, நண்பர் ஒருவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 100 மில்லிமீட்டர் அளவில் வர வேண்டும். வராவிட்டால் ஷாக் ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். வளையத்தைத் திருகித் திருகியும் பிடிபடவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கானது இல்லை. அதை மாற்றாமல் வேறு எதை வாங்கினாலும் வீண். முன்சக்கரத்தின் ஃபோர்க்கில், அது அமுங்கும் இறுக்கத்தை மாற்றும் கம்ப்ரஷன் திருகை இரண்டிரண்டு கிளிக்காகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். கிளிக் கணக்கை எழுதி வையுங்கள்.

அடுத்தது ஃப்ளைவீல் எடை, அதாவது என்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தின் எடை. சுமார் 300 கிராம் கூட்டினாலே என்ஜின் சட்டென்று எகிறாது, சேற்றுமேட்டில் நின்றும் போகாது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

பின்சக்கரம் 19 அங்குலம் இருக்கும்; 18 ஆக்கினால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும், கல்லில் அடிபட்டு டியூப் கிழிவது குறையும். கைக்காப்பு, அடித்தகடு, ரேடியேட்டர் காப்பு மூன்றும் கட்டாயம். டேங்க் 8 லிட்டர்தான். பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தும் பிட்டில் நிரப்ப ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வனங்களில் பழகப் போவதென்றால் தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் உள்ள சைலன்சர் வேண்டும். எக்ஸாஸ்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அதை வாங்குங்கள்.