கடல் நடுப் பாறையில் கட்டிய கலங்கரை விளக்கத்தை அலை ஏன் அடித்துச் செல்லவில்லை?

அடித்துச் சென்றதும் உண்டு. இங்கிலாந்தின் பிளைமவுத்துக்குத் தெற்கே எடிஸ்டோன் பாறைத்திட்டில் ஹென்றி வின்ஸ்டன்லி 1698இல் கட்டிய கோபுரத்தை, 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல் உள்ளே இருந்த அவரோடு சேர்த்தே கொண்டுபோயிற்று. அடுத்து வந்த மரக் கோபுரம் 1755இல் எரிந்தது.

1759இல் ஜான் ஸ்மீட்டன் எழுப்பிய கோபுரம்தான் உங்கள் கேள்விக்கு விடை. ஓக் மரத்தின் அடித்தண்டைப் போல அடி அகன்று மேலே குறுகும் வடிவம் அதற்கு. ஒவ்வொரு கல்லின் முனையையும் புறாவின் விரிந்த வால் வடிவில் செதுக்கி, பக்கத்துக் கல்லில் அதற்கேற்ப வெட்டிய பள்ளத்தில் இறக்கியதால், எந்தக் கல்லையும் தனியே பக்கவாட்டில் இழுத்தெடுக்க இயலாது. பாறையையும் படிப்படியாக வெட்டி, கீழ் வரிசைகளை அதனோடு பிணைத்தார். என் பார்வையில் இதைவிடப் பெரிய சாதனை அவருடைய சாந்துதான். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு நீருக்கடியிலும் இறுகும் என்பதைச் சோதித்தறிந்து, அதனுடன் இத்தாலியின் எரிமலை மண்ணைக் கலந்தார். பிற்காலச் சிமெண்ட் ஆராய்ச்சி இதிலிருந்தே கிளைத்தது.

கோபுரம் தளரவில்லை, அதன் கீழிருந்த பாறையைத்தான் கடல் அரித்தது. பெரிய அலைகளில் அதிர்வு கூடவே, ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் கட்டிய புதிய கலங்கரை விளக்கம் 1882இல் ஒளிர்ந்தது. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேற்பகுதியைப் பிரித்துப் பிளைமவுத் கடற்கரை மேட்டில் மீண்டும் நிறுவினர். அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிட்டனர்.