பிள்ளை இரசாயனவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

அக்கா, உங்கள் குரற்பதிவைக் கேட்டேன். மகளுக்கு மருத்துவத்துக்கு இசற் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற புள்ளி) காணவில்லை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது, அதில் இரசாயனவியலைப் பிடித்துக்கொண்டு சிறப்புப் பட்டம் வரைக்கும் போகப்போகிறேன் என்று அவள் நிற்கிறாள். நீங்களோ ஒரு பக்கம் "அதைப் படித்து என்ன வேலை" என்றும், இன்னொரு பக்கம் "அசிட்டோட நிக்கிற படிப்பு, பிள்ளைக்கு ஏதும் நடந்தால்" என்றும் நித்திரையில்லாமல் இருக்கிறீர்கள். புதுக்குடியிருப்பிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் பூநகரியிலிருந்தும் இதே கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள், அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

விடுங்கள். அதுதான் என் பதில். ஆனால் அவளை இருத்தி வைத்து ஒன்றைக் கேட்டுவிட்டு விடுங்கள்: ஆய்வுகூடத்தில் மணிக்கணக்காக நின்று கையால் வேலை செய்ய உனக்கு விருப்பமா? உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள் பலர் அந்தப் பாடத்தைக் கடதாசியில் மட்டும்தான் சந்தித்திருக்கிறார்கள். பரீட்சையில் செய்முறைக்கென்று தனிப் பரீட்சை கிடையாது, பல்தேர்வும் அமைப்புக் கட்டுரையும் கட்டுரை வினாக்களும்தான். எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூடம் இருந்தாலும் இரசாயனப் பொருள் இருக்காது, பொருள் இருந்தால் ஆசிரியர் இருக்கமாட்டார். ரியூசனில் "இந்த நிறம் அந்த நிறமாக மாறும்" என்று பாடமாக்கிய பிள்ளை அந்த நிறத்தைக் கண்ணால் காணுவது பல்கலைக்கழகத்தில்தான்.

அங்கே கணக்கு வேறு. விரிவுரையில் ஒரு கிரடிட்டுக்கு, அதாவது பாடத்தின் ஒரு அலகுக்கு, 15 மணித்தியாலம் இருந்தால் போதும், ஆய்வுகூடத்தில் அதே ஒரு கிரடிட்டுக்கு 30 முதல் 45 மணித்தியாலம் நிற்க வேண்டும். வரவு குறைந்தால் பரீட்சைக்கே இருக்க முடியாமல் போகும். கோட்பாட்டைப் பிறகு ஒரு கிழமை முழித்திருந்து படித்துப் பிடிக்கலாம், தவறவிட்ட செய்முறையை அப்படிப் பிடிக்க முடியாது. முதல் அரையாண்டில் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தால் திணறுவார்கள், அது பெரும்பாலும் ஒரு வருடத்தில் சரிவந்துவிடும். ஆய்வுகூடத்தில் பின்னுக்கு நின்று மற்றவர் செய்வதைப் பார்த்துப் பழகிய பிள்ளைதான் நான்காம் வருடம் வரைக்கும் பின்னுக்கு நிற்கிறது, அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வைத்தே. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதே, அது கல்சியமும் மகனீசியமும் கூடிய வன்னீர். அந்த வன்மையை அளப்பது ஆரம்ப வருடச் செய்முறைகளில் ஒன்று. 50 மில்லிலீற்றர் தண்ணீரைக் குழாயியால் (பிப்பெற்) எடுத்து, பிஎச் மாறாமல் வைத்திருக்கிற அமோனியாத் தாங்கற் கரைசல் விட்டு பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 10 அளவில் வைத்து, எரியோகுரோம் பிளாக் ரீ என்ற காட்டியை (நிறம் மாறிக் காட்டும் சாயம்) கொஞ்சம் போட்டால் தண்ணீர் வைன் சிவப்பாக மாறும். பிறகு அளவியில் (துளித்துளியாக விடக்கூடிய, அளவு குறித்த நீண்ட கண்ணாடிக் குழாய், பியூரெற்) இருந்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துக்கொள்கிற ஈடிரிஏ கரைசலை விட்டுக்கொண்டு போக, சிவப்பு ஊதாவாகி, ஒரு துளியில் நல்ல நீலமாகும். அந்தத் துளியோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு விட்டாலும் நீலம் நீலமாகவே இருக்கும், கூட விட்டுவிட்டோம் என்று கண் காட்டித் தராது. வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் வரம்பைப் பார்த்தபடி மண்வெட்டியோடு நிற்பாரே, அந்தக் கவனம் வேண்டும். ஒரு தடவை செய்து முடிவதுமில்லை. அடுத்தடுத்த வாசிப்புகள் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்து வரும் மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கோட்பாடு எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். ஏன் பிஎச் 10? குறைந்தால் மகனீசியத்தை ஈடிரிஏ சரியாகப் பிடிக்காது, கூடினால் மகனீசியம் ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும். மகனீசியம் மிகக் குறைந்த தண்ணீரில் நிறமாற்றம் ஏன் மங்கலாக வருகிறது? இந்தக் காட்டி மகனீசியத்தோடுதான் தெளிவாக வேலை செய்யும் என்பதால். சமநிலை மாறிலியை (ஒரு தாக்கம் எவ்வளவு தூரம் நடக்கும் என்று சொல்லும் எண்) புத்தகத்தில் படித்தபோது விளங்காத பிள்ளைக்கு, நீலம் வராமல் தடுமாறிய அந்தப் பின்னேரம் அது விளங்கிவிடும். உதாரணத்துக்கு 0.01 மூலர் (செறிவின் அலகு) ஈடிரிஏ 22.4 மில்லிலீற்றர் போனது என்றால், அந்தத் தண்ணீரின் வன்மை கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 448 மில்லிகிராம். குடிநீருக்கு இலங்கைத் தரம் சொல்லும் எல்லை 250. ஒரு குடும்பம் குடிக்கிற தண்ணீரைப் பற்றி இப்படி ஒரு இலக்கத்தை நம்பிக்கையோடு எழுதிக் கையெழுத்து வைக்கக்கூடிய ஆட்கள் எங்கள் மாவட்டங்களுக்குத் தேவை. புளோரைட்டும் அப்படித்தான், அதைக் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகச் செறிவு கூடும். வவுனியாவின் சில கிராமங்களில் சிறுநீரக நோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றிய பேச்சும் கூடவே வருகிறது, அதை ஊகத்தில் பேசாமல் அளந்து பேச வேண்டும்.

தங்கச்சி இதை வாசிப்பாய் என்று தெரியும், உனக்கு ஒன்று. மூத்த வகுப்பாரின் பழைய அறிக்கைகள் விடுதியில் கைமாறும். வாசிப்பை அதிலிருந்து பார்த்து எழுதாதே. உன் வாசிப்பு பிழைத்திருந்தால் பிழைத்ததையே எழுதி, ஏன் பிழைத்தது என்று யோசித்து எழுது. மையால், அந்த இடத்திலேயே, திகதியோடு. துண்டுக் கடதாசியில் குறித்து அறையில் போய்ப் பெயர்த்தெழுதும் பழக்கம் வேண்டாம். பொய் வாசிப்பு எழுதிப் பழகியவரை எந்தப் பகுப்பாய்வு ஆய்வுகூடமும் வைத்திருக்காது, வைத்திருக்கவும் கூடாது.

அசிட் பயத்துக்கு வருகிறேன் அக்கா. ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஒழுங்குக்குக் கட்டுப்படும் ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி வெள்ளைக் கோட், பாதம் மூடிய சப்பாத்து, பின்னிக் கட்டிய தலைமயிர், அசிட்டைத்தான் தண்ணீருக்குள் விட வேண்டும் தண்ணீரை அசிட்டுக்குள் விடக்கூடாது, மணக்கிற வேலையை காற்றை இழுத்து வெளியேற்றும் அடைப்புக்குள் செய்ய வேண்டும். முதல் நாளே இதெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். உங்கள் பங்குக்கு நல்ல சப்பாத்து ஒன்றும், கண்ணில் பொருந்துகிற கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், இரவல் கண்ணாடியோடு போகவிடாதீர்கள்.

சரி, வேலை. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது பட்டதாரி ஆசிரியர் நியமனம். வன்னிக்கு விஞ்ஞான ஆசிரியர்கள் கட்டாயம் வேண்டும், அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நியமனம் வரும் காலத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுத்தால் கதவுகள் கூட. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், அப்புறம் தனியாரில் மருந்து, பெயின்ற், இறப்பர், உணவு, கடலுணவுக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாடு. இவற்றில் பெரும்பாலானவை கொழும்பைச் சுற்றித்தான். மகள் வன்னியை விட்டு வெளியே போய் இருக்க நீங்கள் மனம் ஒப்புகிறீர்களா என்பதையும் இப்போதே வீட்டில் பேசுங்கள், பட்டம் முடிந்த பிறகு "பொம்பிளைப் பிள்ளை, கொழும்பு வேண்டாம்" என்றால் நாலு வருடமும் கட்டிப்போடப்படும்.

நேர்முகத்தில் கேட்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ.எஸ். (உலோகங்களை அளக்கும் கருவி) கையாண்டிருக்கிறாயா, எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டியிருக்கிறாயா, அளவுகோட்டு வரைபை (தெரிந்த செறிவுகளை வைத்துக் கருவியின் வாசிப்புக்குப் போடும் வரைபு) நீயே போட்டாயா, ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரம்) பற்றித் தெரியுமா. பெறுபேறு நேர்முகம் வரைக்கும் கொண்டுபோகும், இந்தக் கேள்விகளுக்கு ஆய்வுகூடத்தில் நின்ற பிள்ளையால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே விடுமுறைகளில் எங்காவது ஒரு ஆய்வுகூடத்தில் பயிற்சிக்கு, சம்பளம் இல்லாவிட்டாலும், போகப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வரி: இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் பட்டநிலைப் பாடநெறியும், ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமாவும் இருக்கின்றன. கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும், ஆங்கிலத்தில். வசதி இருந்தால் விசாரியுங்கள்.

"எங்கட இடத்தில இரசாயனத்துக்கு என்ன இருக்கு" என்று கேட்டீர்கள். மகளின் உயர்தரப் புத்தகத்தில் உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுப்பது ஒரு பாடம். ஆனையிறவு உப்பில் அதையே பரந்தனில் செய்தார்கள் அக்கா, 1950களில் தொடங்கிய தொழிற்சாலை அது, 1980களின் நடுவில் போர் அதை நிறுத்திவிட்டது. ரூட்டைலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பது இன்னொரு பாடம். அந்த ரூட்டைலும் இல்மனைற்றும் கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கின்றன. இவை நாளைக்கே மகளுக்கு வேலை தரும் என்று சொல்ல வரவில்லை. இந்த மண்ணில் ஒரு தொழிற்சாலை திரும்ப எழும்பினால் அதன் ஆய்வுகூடத்தில் நிற்க எங்கள் பிள்ளைகளில் யார் தயாராக இருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

பதிவு செய்து வகுப்புத் தொடங்க இன்னும் மாதங்கள் ஆகும். அதற்குள் அவளைப் பழைய பாடசாலைக்கு அனுப்பி, இரசாயனவியல் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அளவியில் வெறும் தண்ணீரை விட்டுத் துளித்துளியாக நிறுத்தப் பழகச் சொல்லுங்கள். பிறையுருவை (குழாய்க்குள் தண்ணீரின் வளைந்த மேல்மட்டம்) கண்மட்டத்தில் வைத்து வாசிக்கட்டும். வீட்டில் ஒவ்வொரு நாளும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். மகாபொல உதவித்தொகைக்கும் விடுதிக்கும் விண்ணப்பிக்கிற திகதிகளைத் தவறவிடாதீர்கள். முதலாம் வருடப் பாடத் தெரிவுப் படிவம் கைக்கு வந்ததும், நிரப்ப முதல் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், இரசாயனவியலோடு எந்தப் பாடங்களைச் சேர்ப்பது என்று மூன்று பேருமாக இருந்து பார்ப்போம்.