ஈரலில் கட்டி: சூடு வைத்து எரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மேல்வயிறு எரிகிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் 4 சென்ரிமீற்றர் அளவில் ‘ஹீமாஞ்சியோமா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வெட்டாமல், ஊசி வழியாகச் சூடு கொடுத்தே எரித்துவிடலாம் என்கிறார் கொழும்பில் இருக்கும் மாமா. நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா டாக்டர்?

பதில்: மகள், நகையை அடகு வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹீமாஞ்சியோமா என்பது இரத்தக் குழாய்கள் பின்னிப் பிணைந்து உருவான ஒரு முடிச்சு. இரத்தம் ஊறிய பஞ்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈரலில் வரும் புற்றில்லாத சாதாரணக் கட்டிகளில் இதுதான் அதிகம், அதுவும் பெண்களிடம் கூடுதல். இது புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலானோர் இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அகப்படுகிறது, உங்கள் அம்மாவுக்கு அகப்பட்டதைப் போல.

மாமா சொன்ன சிகிச்சை உண்மையானதுதான். தோல் வழியாக ஒரு மெல்லிய ஊசியை ஸ்கேன் பார்த்தபடியே கட்டிக்குள் செலுத்துவார்கள். ரேடியோ அலை முறையில், ஊசி நுனியில் பாயும் மின்னோட்டம் சுற்றியுள்ள திசுவைச் சூடாக்கும். மைக்ரோவேவ் முறையில், திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளே அதிர்ந்து சூடேறும். 60 பாகை செல்சியஸைத் தாண்டினால், கொதிநீரில் முட்டையின் வெள்ளைக்கரு உறைவதுபோல அந்தத் திசு உறைந்து செத்துவிடும். செத்த திசு அன்றைக்கே மறைந்துவிடாது, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பெரிய தழும்பு இல்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களும் குறைவு. ஈரல் புற்றுநோயில், 3 சென்ரிமீற்றருக்குட்பட்ட கட்டிகளுக்கு இது மிக நல்ல முறை.

ஆனால் இரத்தம் ஊறிய பஞ்சைச் சூடாக்கினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் சிவப்பணுக்கள் உடையும். கட்டி பெரிதாக இருந்து நீண்ட நேரம் சூடு கொடுத்தால், உடைந்த அணுக்களின் நிறம் சிறுநீரில் இறங்கி, சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) போலக் கறுத்துப் போகும். சிறுநீரகம் பாதிக்கப்படவும் கூடும். இரத்தக் கசிவு, பித்தக் குழாய்க் காயம், சீழ்க்கட்டி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குடலில் சூடு படுவது என்ற ஆபத்துகளும் உண்டு. இவை அடிக்கடி வருபவை அல்ல. ஆனாலும், தொல்லை தராத ஒரு கட்டிக்காக எதற்கு இந்த ஆபத்தை ஏற்க வேண்டும்?

கட்டி மிகப் பெரிதாகி வயிற்றை அழுத்தும்போது, வளர்ந்துகொண்டே போகும்போது, வலிக்கு வேறு காரணமே இல்லை என்று தேடிப் பார்த்து உறுதியான பிறகு, அப்போதுதான் இந்தச் சூட்டைப் பற்றியோ அறுவை சிகிச்சையைப் பற்றியோ பேச வேண்டும். ‘அடினோமா’ என்ற இன்னொரு கட்டியின் கதை வேறு. அது கருத்தடை மாத்திரையோடு தொடர்புடையது, வெடித்து இரத்தம் கசியலாம், சிலவேளை புற்றாகவும் மாறலாம். அதற்கு முதலில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம், சுருங்காவிட்டால் அகற்றுவதைப் பற்றி யோசிப்போம்.

ஆகவே, அம்மாவுக்கு இருப்பது ஹீமாஞ்சியோமாதான் என்று நிச்சயப்படுத்துவதுதான் இப்போதைய வேலை. சாயம் ஏற்றி எடுக்கும் சீடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனில், சாயம் ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாகப் புகுந்து மெதுவாக நடுவை நிரப்பினால் சந்தேகம் தீரும். அம்மாவுக்கு மஞ்சட்காமாலை, ஈரல் சுருக்கம், ஹெபடைட்டிஸ் பி என்று ஏதாவது இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஈரலில் தெரியும் எந்தக் கட்டியையும் இவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, அந்த எரிச்சல்? 4 சென்ரிமீற்றர் கட்டி எரிச்சல் தருவது அரிது. எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்குப் போய், முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் கடையில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடும் தாய்மாரை நான் நிறையப் பார்க்கிறேன். டைக்லோபெனாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். அம்மாவிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அதைப் போடுகிறார். பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டிலும் பாருங்கள்.

அவர் வேலைக்குப் போகலாம், கூடையும் சுமக்கலாம். இந்த அளவுக் கட்டி தானாக வெடிப்பது மிக மிக அபூர்வம். ஆனாலும் திடீரென்று கடும் வயிற்றுவலியும் மயக்கமும் வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, அம்மா போடும் மாத்திரைகளின் வெற்று அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.